நீ சேர்த்த ஐந்து துப்பாக்கிகளும் நான் சொன்ன ஒரு பொய்யும்

தம்பி,

நேற்று நீயும் உன் சிநேகிதனும் அந்த இரும்பு அலுமாரியை நாலாம் மாடியிலிருந்து மூச்சு வாங்க இறக்கியபோது, மூன்றாம் மாடிப் பிரெஞ்சுக்கார அம்மா கதவைத் திறந்து, உள்ளே என்ன என்று கேட்டாள். நீ என்ன சொல்வாயோ என்று நான் மேல் படியில் நின்று பயந்துகொண்டிருந்தேன். நீ சிரித்தபடி, "என்னுடைய சீதனம், மதாம்" என்றாய். அவளுக்கு விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. ஐந்து பழைய பட்டாளத்துப் பம்ப் துப்பாக்கிகளைச் சீதனமாக எடுத்துக்கொண்டு எபினேயில் புது வீட்டுக்குக் குடிபோகிற மாப்பிள்ளை, தமிழ்க் கடைகள் நிறைந்த இந்த லாச்சப்பலில் மட்டுமில்லை, எங்கேயும் இருந்திருக்க மாட்டான். அதையும் சரி என்று தலையாட்டினாளே மதுரா, அவளைப் பெற்றவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஏன் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ரூ காய் தெருவில் பிளவுஸ் தைக்கிற கடையில் நாள் முழுக்க வாய் மூடாமல் கதைக்கிற எனக்கு, உன் முன்னால் இதைச் சொல்ல வரும்போது மட்டும் நா வறண்டுபோகிறது. ஐந்தாறு முறை தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டியா?" என்று கேட்டு முடித்துவிட்டேன். உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும் என்று தெரியும். மெதுவாகவே வாசி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கலியாணத்துக்கு முன் வாசித்து முடித்துவிடு. உன் யோகன் மாமாவைப் பற்றி, முன் அறையில் படமாக இருக்கிற என் அண்ணனைப் பற்றி, நான் உனக்கு இத்தனை வருடமாகச் சொல்லிவந்தது பொய். நீ ஒரு குடும்பத்தைத் தொடங்குவதற்கு முன் அந்தப் பொய்யை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கான துணிச்சலை எனக்குத் தந்தவை உன் துப்பாக்கிகள்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலாவதை நீ கொண்டுவந்தது எட்டு வருடத்துக்கு முன்னால். லிஃப்ட் திருத்துகிற வேலை உனக்குக் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீளமான பையோடு வந்தாய். தூண்டில் தடி என்று நினைத்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையின் மறு பக்கத்தில் பையை வைத்துத் திறந்தாய். குழலின் மேல் ஓட்டை ஓட்டையாகத் தகரம் போர்த்தி, முனையில் கத்தி மாட்டுகிற இடத்தோடு, அடியில் முன்னும் பின்னும் இழுக்கிற மரப்பிடியோடு அது கிடந்தது. நீ அந்தப் பிடியை ஒருதரம் இழுத்துத் தள்ளினாய். அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"உது என்னடா?"

"பம்ப் துவக்கு அம்மா. முதலாம் உலகப் போரிலை பதுங்குகுழிக்குள்ளை பாவிச்சது. இனிச் சுடாது. குழலை அடைச்சு முடக்கியிருக்கு. பேப்பர் எல்லாம் இருக்கு."

"பேப்பர் இருந்தா? பேப்பர் இருந்தா துவக்கு துவக்கில்லையோ? ஒண்டில் உது இந்த வீட்டிலை இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்."

நீ என்னையும் பார்த்தாய், மேசையையும் பார்த்தாய். "ரெண்டு பேரும் இருங்கோவன்" என்றாய். அப்பா மீன் முள்ளை எடுப்பதில் மிகக் கவனமாக இருந்தார்.

அதன் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏழு மாதம் உன்னோடு நேரே கதைக்கவில்லை. நீ எனக்கு முன்னாலேயே இருப்பாய், நான் அப்பாவைப் பார்த்து, "தம்பியைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ" என்பேன். அப்பா உன்னைப் பார்த்து, "தம்பி, சாப்பிட வரட்டாம்" என்பார். நீ அப்பாவைப் பார்த்து, "வாறன் எண்டு சொல்லுங்கோ" என்பாய். பாவம், உணவகச் சமையலறையில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிற மனுசன் வீட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலையும் பார்த்தார். உன் அறையைக் கடந்து குளியலறைக்குப் போகும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு போவேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். நீ அந்த அறைக் கதவை ஒருநாளும் சாத்தவில்லை. வேறு பிள்ளை என்றால் எரிச்சலில் அடித்துச் சாத்தியிருக்கும். நீ திறந்தே வைத்திருந்தாய். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வேண்டிய நன்றிகளில் முதலாவது அந்தத் திறந்த கதவுக்கு.

நான் உன்னோடு கதைக்காவிட்டாலும் நீ அப்பாவோடு கதைப்பதுபோல எனக்குக் கேட்கும்படி கதைப்பாய். நான் குசினிக்குள் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். அமெரிக்கப் பட்டாளம் இந்தத் துப்பாக்கிகளைக் கப்பலில் பிரான்சுக்குக் கொண்டுவந்தது என்றாய். ஒடுக்கமான குழிக்குள் நீளத் துப்பாக்கியைத் திருப்ப இடமிருக்காது, அதனால் கட்டையான குழல் என்றாய். இது கொடுமையான ஆயுதம் என்று ஜெர்மன்காரர் முறைப்பாடு செய்து கடிதம் அனுப்பினார்கள் என்று நீ சொன்னபோது, போரில் கொடுமை என்று முறையிட அவர்களுக்கு ஒரு விலாசமாவது இருந்திருக்கிறதே என்று நினைத்தேன். இன்னொரு நாள் அப்பா, "ஏன் தம்பி, முத்திரை கித்திரை சேர்க்கலாமே?" என்று கேட்டார். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது உங்களைப் போலத்தான் அப்பா. சண்டையாலை கடல் கடந்து வந்து, திரும்பிப் போகாமல் இஞ்சையே நிண்டிட்டுது" என்றாய். அன்றைக்கு வெங்காயம் கொஞ்சம் கூடுதலாகவே கண்ணைக் கரித்தது.

இனிப் பொலிஸ் வந்த கதை. இதை நீ நூறு பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். மதுராவைப் பார்க்க சார்செலுக்கு முதன்முதலாகப் போன அன்று அவளுடைய அப்பாவுக்கும் சொன்னாய். அந்த மனுசன் பலகாரம் புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது என் பக்கத்திலிருந்து அதைக் கேள்.

அப்போது உன்னிடம் மூன்று துப்பாக்கிகள் சேர்ந்திருந்தன. அவற்றை எங்கே, எப்படிப் பூட்டி வைத்திருக்கிறாய் என்று பார்க்க ஆட்கள் வரலாம் என்று நீ அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், அப்பா என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நீ குளித்துக்கொண்டிருந்தாய். நான் கழுத்தில் அளவு நாடாவோடு, சட்டையில் குண்டூசிகளோடு கதவைத் திறந்தேன். சீருடையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். மரியாதையாகத்தான் வணக்கம் சொன்னார்கள். இந்த வீட்டில் துப்பாக்கிகள் யாருடையவை என்று கேட்டார்கள். அவ்வளவுதான், எனக்குக் காது அடைத்துவிட்டது. இரண்டு கையையும் விரித்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "என்னுடையது, மிசியூ. எல்லாம் என்னுடையது. என் மகனுக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். அந்தப் பெண் என் குண்டூசிகளைப் பார்த்தாள். திரும்பவும் சொன்னேன். நீ தலை துவட்டாமல் துவாயோடு ஓடிவந்து, "அம்மா!" என்று கத்தி, பத்திரங்களை எடுத்துக் காட்டினாய். பிறகு அவர்கள் அலுமாரியைப் பார்த்தார்கள், எண்களைச் சரிபார்த்தார்கள். அந்த ஆண் ஆசையாக மரப்பிடியை இழுத்துப் பார்த்தான். நான் போட்ட இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள். 

"ஏனம்மா அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று சிரித்து முடித்த பிறகு கேட்டாய்.

"பயத்திலை சொல்லிப்போட்டன்" என்றேன்.

அது பயமில்லை, தம்பி. பயந்தவள் தெரியாது என்றுதான் சொல்லுவாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வார்த்தைகள் என் வாய்க்கு எங்கிருந்து வந்தன என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன் பழப்புளிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் என் நன்றி அரைகுறையாகிவிடும்.

பொலிஸ் வந்து போன பிறகுதான் நான் உன் அறைக்குள் போகத் தொடங்கினேன். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள், நீ அன்றைக்கும் வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்தாய். என்னால் அதை நம்ப முடியவில்லை. சுடாது என்பதால் முதலாவது துப்பாக்கியை நீ சுவரில் மாட்டியிருந்தாய். மரப்பிடியை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்தேன். என் தையல் மெசினைப் போல அதுவும் ஒரு மெசின்தான். தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. குத்துவிளக்கையும் செம்பையும் பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையில் புளி மிச்சம் இருந்தது. உன்னுடைய அந்தத் துப்பாக்கி மண்ணிறமாக, கறள் பிடித்ததுபோல மங்கிக் கிடந்தது ஞாபகம் வந்தது. ஏழு மாதம் உன்னோடு கதைக்காமல் இருந்ததற்கு ஒரு பிராயச்சித்தம் செய்வோம் என்று நினைத்துவிட்டேன். குளியலறைத் தரையில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் தேய்த்தேன். குழல் வெள்ளிபோல மினுங்கியது. தையல் மெசின் எண்ணெயைப் பூசித் துடைத்து, இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, நீ வருவாய் என்று காத்திருந்தேன்.

நீ வந்து பார்த்தாய். உன் முகத்தில் இரத்தம் இல்லை. மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாய்.

"அம்மா, இந்த நிறம் வர நூறு வருசம் எடுத்தது."

"போக ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது" என்றேன், பெருமையாக. எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். கண் கலங்கியிருந்தது. கோபத்தில் என்றுதான் நினைத்தேன். "நீங்கள் இதைத் தொட்டனீங்களே அம்மா" என்றாய். "கையாலை தொட்டுத் தேய்ச்சனீங்களே." பிறகு சிரிக்கத் தொடங்கினாய். இப்படியான சாமான் சேர்க்கிறவர்கள் பழைய நிறத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள் என்பது, உன் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அதைத் திரும்பக் கறுப்பாக்கித் தருகிற ஆட்கள் இருக்கிறார்களாம். நீ கொடுக்கவில்லை. யார் கேட்டாலும், "இது அம்மா மினுக்கினது" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவாய். தம்பி, பெற்றவர்கள் பிள்ளைகளை மன்னிப்பதைப் பற்றித்தான் எல்லாரும் பெரிதாகக் கதைக்கிறார்கள். பிள்ளைகள் எங்களை மன்னிப்பதை ஒருவரும் கதைப்பதில்லை. மதுராவும் ஒருநாள் அன்பு மிகுதியால் உன்னுடைய எதையாவது மினுக்கி வைப்பாள். அன்றைக்கும் இப்படியே சிரி.

சரி. இனியும் சுற்றிக்கொண்டிருக்க முடியாது.

ஊரில் இருந்த காலம். எனக்கு அப்போது பதினாறு வயது. அண்ணனுக்கு இருபத்து நாலு. கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. ஒரு பின்னேரம் என்னோடு ரியூசனில் படித்த பெடியன் ஒருவன், உரப்பையில் சுற்றிய ஒன்றைச் சைக்கிளில் கொண்டுவந்தான். "காலமை வந்து எடுப்பம், ஒளிச்சு வை" என்றான். யாரோ பணக்காரர் வீட்டிலிருந்து இயக்கப் பெடியள் எடுத்த வேட்டைத் துப்பாக்கி அது. வீட்டில் ஒருவரும் இல்லை. முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை நம்பித் தருகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம், பெருமை பிடிபடவில்லை. குசினிக்குப் பின்னால் விறகுக் குவியலுக்குள் செருகி வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

விடிந்ததும் ஆமி வீடு வீடாக வந்தது. அண்ணன் கிணற்றடியில், மரத்தில் கண்ணாடி மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். விறகைக் காலால் தட்டினார்கள், பை வெளியே வந்தது. யாருடையது என்று கேட்டார்கள். என் அம்மாவும் அப்பாவும் விறைத்துப்போய் நின்றார்கள், அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் முகத்தை அண்ணன் கண்ணாடியில் கண்டிருக்க வேண்டும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவர்களும் திரும்பியிருப்பார்கள். பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அது தன்னுடையது என்றார். வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார். கட்டியிருந்த சாரத்தோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை.

ஊர் தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. யோகன் இரகசியமாக இயக்கத்தில் இருந்தவன் என்றார்கள். என் அம்மாவும் அப்பாவும் அதை நம்பியே செத்துப்போனார்கள். நான் வாய் திறக்கவில்லை. பிரான்சுக்கு வந்து அகதி விண்ணப்பம் எழுதும்போது, "அண்ணனிடம் துப்பாக்கி பிடிபட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பேரில்தான் எனக்கு இங்கே விசா கிடைத்தது. அவர் என்னை ஒருதரம் காப்பாற்றினார், அவரைப் பற்றிப் பொய் சொல்லி நான் இரண்டாந்தரமும் தப்பினேன். பத்து வயதில் நீ என்னிடம், "மாமாவிட்டை என்ன துவக்கு இருந்தது?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். நீ மாமாவைத் துப்பாக்கியோடு படமாகக் கீறிக் குளிர்பெட்டியில் ஒட்டினாய். அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. நீ முதல் துப்பாக்கியை மேசையில் வைத்த அன்று அகப்பை விழுந்ததற்கு அந்தப் படம்தான் காரணம். என் பொய்தான் வளர்ந்து, வேலைக்குப் போய், சம்பளம் எடுத்து, துப்பாக்கி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று இதை முதன்முதலாக அப்பாவுக்குச் சொன்னேன். அவர், "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டு, போட்டுக்கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். உன் அப்பாவிடமிருந்து நீ கற்றுக்கொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதென்றால் அது இதுதான்.

நீ துப்பாக்கி சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்று இதையெல்லாம் எழுதவில்லை. சேர். பத்தாக்கு, இருபதாக்கு, மதுரா பொறுத்தால் சரி. எட்டு வருடம் என் வீட்டில் துப்பாக்கி இருந்தது. எட்டு வருடமும் ஒவ்வொரு காலையும் நீ சவரம் செய்து, முகம் கழுவித் துடைத்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய், பின்னேரம் படியேறி வந்தாய். உனக்கு அது சாதாரணம். நான் ஒவ்வொரு நாளும் குசினிக்குள் நின்று அந்தக் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி இருக்கிற வீட்டுக்கும் ஆண்பிள்ளை திரும்பி வருவான் என்பதை எனக்குக் காட்டித் தந்தவன் நீ. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த அளவுக்கு இங்கே சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு காலை உன் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முழுக வார்க்கும்போது, தாய்மாமன் நின்று தேங்காய் உடைக்க வேண்டும். என் ஒன்றுவிட்ட தம்பியை மாமன் இடத்தில் நிற்பாட்டலாம் என்று பேசி வைத்திருந்தோம். நேற்றுப் பின்னேரம் ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"மாமன் இடத்திலை நான் நிக்கிறன் ஐயா" என்றேன்.

"தாய் எப்பிடி அம்மா மாமனா நிக்கிறது?"

"என்ரை அண்ணன் எனக்காக ஒருக்கா நிண்டவர். நான் அவருக்காக ஒரு தேங்காய் உடைக்கக் கூடாதோ?"

"உடையுங்கோ" என்றார் ஐயர்.

லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தங்கள் வருகிறார்கள். மாமன் இடத்தில் நான் நிற்பதைக் கண்டதும் யாராவது ஒருவர் கட்டாயம் தொடங்குவார், யோகன் இயக்கத்தில் இருந்தவன், துவக்கோடு பிடிபட்டவன், வீரன் என்று. அப்போது நான் தேங்காயும் கையுமாக நிற்பேன், எனக்குப் பேச்சு வராது. நீ பேசு. உன்னுடைய தமிழிலேயே பேசு, பிழை வந்தாலும் பரவாயில்லை. "இல்லை, மாமா சங்கக் கடையிலை சீனி நிறுத்தவர். துவக்கு அம்மாவின்ரை" என்று சொல்லு.

அம்மா